எஸ்ஜிபிடி 79: ஒரு கணக்கு டீச்சரின் லிவர் ரிப்போர்ட்

எங்கள் பள்ளியில் ஆசிரியர்களுக்கு வருஷாவருஷம் ஹெல்த் செக்கப் உண்டு. போன வருஷம் வந்த என் ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி 79, எஸ்ஜிஓடி 48. லேப் போட்டிருந்த உச்ச வரம்பு முதலாவதற்கு 45, இரண்டாவதற்கு 40. இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி. நான் கொளத்தூரில் கணக்கு எடுக்கிறவள். எண்ணைக் கண்டு பயமில்லை. ஆனால் இது எதோடு ஒப்பிட்ட எண், போன தடவை எவ்வளவு என்று கேட்காமல் விடவும் மனசு வராது.

அன்று சாயங்காலமே லேபிலிருந்து போன். "மேடம், லிவர் வேல்யூ ஏறியிருக்கு, அட்வான்ஸ்டு பேக்கேஜ் ஒண்ணு பண்ணிடலாமா? இன்னிக்கு வரைக்கும் ஆஃபர் இருக்கு." மறுநாள் ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் கல்லீரல் டானிக் பேர் எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் கரிசலாங்கண்ணிப் பொடி. அம்மாவிடம் போனில் சொன்னதும், "கீழாநெல்லியை அரைச்சு மோர்ல குடி, சரியாயிடும்" என்றார். எல்லோருக்கும் அந்த எண்ணை இறக்கிவிட வேண்டும் என்பதில்தான் கவனம். ஏன் ஏறியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர் எங்கள் குடும்ப டாக்டர். பெரம்பூரில் சின்ன கிளினிக். ரிப்போர்ட்டை நீட்டினேன், வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டார். "முதல்ல நீங்க சொல்லுங்கம்மா, அப்புறம் அதைப் பார்க்கலாம்" என்று ஆரம்பித்தார்.

"குடிப்பீங்களா?"

"சார்!"

"கேட்டே ஆகணும்மா. முன்னாடியெல்லாம் லேடீஸ் கிட்ட கேட்க மாட்டேன். இப்ப எல்லார்கிட்டயும் கேட்கிறேன்."

அடுத்து மாத்திரை. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் விழுங்கிய எல்லாமே வேண்டும் என்றார். டாக்டர் எழுதிக் கொடுத்தது, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது, பொடி, லேகியம், கஷாயம், எடை குறைக்கிற மாத்திரை, ஜிம் பவுடர். ஆன்டிபயாடிக் ஏதாவது? வலிப்புக்கு, மூட்டுவாதத்துக்கு, டிபிக்கு? சமீபத்தில் காய்ச்சல் வந்ததா? ரத்தம் ஏற்றியதுண்டா? வீட்டில் யாருக்காவது மஞ்சள் காமாலை, ஹெபடைட்டிஸ் பி? அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை? ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய நாட்களில் கடுமையான உடற்பயிற்சி? கடைசிக் கேள்விக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்தார். 94 சென்டிமீட்டர். நம் நாட்டுப் பெண்களுக்கு 80-ஐத் தாண்டினாலே, ஆண்களுக்கு 90-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்றார். எடை 71 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர்.

இவ்வளவுக்கும் பிறகுதான் தாளைத் திருப்பினார்.

எஸ்ஜிபிடியும் எஸ்ஜிஓடியும் கல்லீரல் செல்லுக்குள் இருக்கிற நொதிகள். சில ரிப்போர்ட்டுகளில் எஸ்ஜிபிடியை ஏஎல்டி என்றும் எஸ்ஜிஓடியை ஏஎஸ்டி என்றும் போட்டிருக்கும், பேர்தான் வேறு. செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். குடோனில் மூட்டை கிழிந்து தரையில் அரிசி சிந்திக் கிடக்கிறது என்று வையுங்கள். சிந்தியதைப் பார்த்தால் எங்கோ கிழிந்திருக்கிறது என்று தெரியும். மூட்டைக்குள் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. அதற்கு வேறு இடத்தில் பார்க்க வேண்டும்: ஆல்புமின், பிலிருபின், ரத்தம் உறையும் நேரத்தைச் சொல்கிற ஐஎன்ஆர், அப்புறம் பிளேட்லெட். கல்லீரல் தான் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறதா என்பதை முதல் மூன்றும் சொல்லும். தழும்பு ஏறிக் கல்லீரல் இறுகினால் மண்ணீரல் வீங்கி பிளேட்லெட் குறையும். என் தாளில் ஆல்புமின் 4.3, பிலிருபின் 0.6, பிளேட்லெட் 2.6 லட்சம். "இது மூணும் நல்லா இருக்கு. அதனால அவசரம் இல்ல. ஆனா காரணம் தெரியாம விடவும் கூடாது" என்றார்.

இரண்டு நொதிகளில் எஸ்ஜிபிடி பெரும்பாலும் கல்லீரலுக்கே உரியது. எஸ்ஜிஓடி தசையிலும் இதயத்திலும் ரத்தச் சிவப்பணுவிலும்கூட உண்டு. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்துபோனாலும் எஸ்ஜிஓடி ஏறித் தெரியும். அதனால் எது ஏறியிருக்கிறது, எது எதைவிடப் பெரியது என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். கொழுப்பு படிந்த கல்லீரலில் ஆரம்பத்தில் எஸ்ஜிபிடிதான் பெரியதாக இருக்கும், என்னுடையதைப் போல. குடியால் கெட்டதில் எஸ்ஜிஓடி முந்தும். அது எஸ்ஜிபிடியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனால் டாக்டர் சந்தேகத்தோடு பார்ப்பார். இரண்டும் ஆயிரக்கணக்கில் போனால் அது வேறு கதை: திடீர் வைரஸ் தொற்று, மருந்து நஞ்சு, கல்லீரலுக்கு ரத்தம் சரியாகப் போகாத நிலை. அதற்கு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதே ரிப்போர்ட்டில் வருகிற வேறு இரண்டு நொதிகளான ஏஎல்பியும் ஜிஜிடியும் மட்டும் ஏறினால் பித்தக் குழாய்ப் பக்கம் பார்ப்பார்கள். ஏஎல்பி தனியாக ஏறினால் அது எலும்பிலிருந்தும் வந்திருக்கலாம். வளர்கிற பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

என் கணவருக்குப் பல வருஷமாகப் பிலிருபின் மட்டும் 1.8, 2 என்று வரும். நொதியெல்லாம் சரியாக இருக்கும். மறைமுக பிலிருபின் மட்டும் ஏறுகிற கில்பர்ட் என்ற பிறவி இயல்பு அது. பட்டினி கிடந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும், கெடுதல் கிடையாது. அதற்காக அவர் ஒரு காலத்தில் தினமும் கரும்புச்சாறு குடித்தார் என்பது தனிக் கதை.

சரி, என் கதைக்கு வருகிறேன். பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார் டாக்டர். பீரோவில் இருந்த ஃபைலை மறுநாள் எடுத்துப் போனேன். மூன்றையும் வரிசையாக மேஜையில் பரப்பினார். மூன்று வருஷத்துக்கு முன் எஸ்ஜிபிடி 33. அடுத்தது 42. இப்போது 79. முதல் இரண்டிலும் அம்புக்குறி இல்லை, ஏனென்றால் லேப் வைத்திருந்த கோடு 45. அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர்கள் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஆரோக்கியமான ஆணுக்கு எஸ்ஜிபிடி 29 முதல் 33-க்குள்ளும் பெண்ணுக்கு 19 முதல் 25-க்குள்ளும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் என்னுடையது 33-இலேயே தாண்டிவிட்டது. ஒரு லேபின் கோடு இன்னொரு லேபின் கோடு இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கோடு போடுகிற லேபும் உண்டு. மாணவர்களுக்கு வரைபடத்தில் ஒரு புள்ளியை வைத்துக் கோடு போடாதே என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். இதற்கும் அதேதான். பழைய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். முடிந்தால் ஒரே லேபில் எடுங்கள்.

எத்தனை மடங்கு என்று பார்ப்பதுதான் டாக்டர்களின் வழக்கம். உச்ச வரம்பைப் போல 2 மடங்குக்குள் என்றால் எல்லைக்கோடு, 2 முதல் 5 வரை லேசு, 5 முதல் 15 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. லேசாக ஏறியிருந்து ஆள் நன்றாக இருந்தால், சந்தேகமான மருந்தை டாக்டர் சொல்லி நிறுத்திவிட்டு, சில வாரம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான். திரும்ப எடுத்ததில் 74. தற்செயலான ஏற்றம் இல்லை என்று உறுதியானது.

அதற்குப் பிறகுதான் பரிசோதனைகள், அதுவும் அளவாக. ஹெபடைட்டிஸ் பி-க்கு ஒன்று, சி-க்கு ஒன்று, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, வயிற்று ஸ்கேன். இவற்றில் காரணம் பிடிபடாவிட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்குகிற தன்னெதிர்ப்பு நோய்க்கும் தாமிரம் சேருகிற வில்சன் நோய்க்கும் பார்க்கலாம், இப்போதே எல்லாவற்றையும் எடுத்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம் என்றார். லேப்காரர் ஆஃபரில் கொடுத்த பேக்கேஜில் இருந்த பாதிச் சமாச்சாரம் எனக்குத் தேவைப்படவே இல்லை.

பி, சி இரண்டும் இல்லை. சராசரிச் சர்க்கரை 6.1, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. ரத்தக் கொழுப்பில் ஒன்றான ட்ரைகிளிசரைடு 228. ஸ்கேனில் ஃபேட்டி லிவர், கிரேடு 2. சென்னைக்காரர்களுக்கு இது புதிதில்லை. சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் நடத்திய க்யூர்ஸ் ஆய்வின் ஒரு பகுதி 2009-இல் வெளிவந்தது. பரிசோதித்தவர்களில் 32 சதவீதம் பேருக்கு, குடி காரணமில்லாத கல்லீரல் கொழுப்பு இருந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருக்கிற ஸ்டாஃப் ரூம் பெஞ்சில் ஒருவருக்கு.

கொழுப்பு இருப்பதைவிட, அது கல்லீரலைத் தழும்பாக்கிவிட்டதா என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது, ஃபிப்-4 என்பார்கள். டாக்டர் கால்குலேட்டரைத் தேடினார். நான் ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே போட்டேன். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்க வேண்டும். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்துக்கொண்டு (2.6 லட்சம் என்றால் 260) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை. எனக்கு 46 × 48 = 2208. 79-இன் வர்க்கமூலம் 8.89, அதை 260-ஆல் பெருக்கினால் 2311. வகுத்தால் 0.96. 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேல் என்றால் கல்லீரல் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் இருந்தால், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கிற ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1.3-க்குப் பதில் 2 என்று வைத்துக்கொள்வது வழக்கம். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது. காய்ச்சலோ திடீர்ப் பாதிப்போ இருக்கும்போது போடவும் கூடாது.

இந்தச் சூத்திரத்தை வீட்டில் சொன்னதிலிருந்து சொந்தக்காரர்கள் ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்ப ஆரம்பித்தார்கள். அதில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது அக்கா பையன். சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. ராத்திரி மெசேஜ்: "சித்தி, எஸ்ஜிஓடி 412! கூகுள்ல லிவர் ஃபெயிலியர்னு வருது." எஸ்ஜிபிடி 136. மற்ற வரிகளையும் அனுப்பு என்றேன். பிலிருபின் சரி, ஜிஜிடி சரி, ஏஎல்பி சரி. எஸ்ஜிஓடி மட்டும் எஸ்ஜிபிடியைப் போல மூன்று மடங்கு. இவன் குடிக்கிறவனும் இல்லை. குடித்திருந்தால் ஜிஜிடி அவ்வளவு சாதுவாக இருக்காது. என் டாக்டர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்த அதே கேள்வியை இவனிடம் கேட்டேன். "ஜிம் சேர்ந்திருக்கேன் சித்தி. சனிக்கிழமை லெக் டே, திங்கட்கிழமை மாடிப்படி இறங்க முடியல. அன்னிக்குத்தான் ரத்தம் எடுத்தாங்க." மறுநாள் டாக்டரிடம் போகச் சொன்னேன். அவர் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறுகிற சிபிகே எடுத்தார், 14 ஆயிரத்துக்கு மேல். சிறுநீரகத்தின் நிலையைச் சொல்கிற கிரியாட்டினின் நல்லவேளையாகச் சரியாக இருந்தது. தண்ணீர் நிறையக் குடி, ஓய்வெடு, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே வா என்று அனுப்பினார். ஜிம்முக்கு லீவு விட்டுத் திரும்ப எடுத்தபோது எல்லாம் இறங்கியிருந்தது. கசிந்தது தொடையிலிருந்து. கல்லீரலுக்கு அதில் பங்கே இல்லை. ரத்தம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரமாவது புதிதாகப் பளு தூக்காமல் இருப்பது நல்லது.

இரண்டாவது பெரியப்பா மகன். வயது 52. ஹெர்னியா ஆபரேஷனுக்காக ரத்தப் பரிசோதனை செய்திருந்தார். வீட்டுக்கு வந்தவர், "பாரும்மா, எஸ்ஜிபிடி 31. இத்தனை வருஷம் குடிச்சும் லிவர் கல்லு மாதிரி இருக்கு" என்று தாளை நீட்டினார். உண்மைதான், அந்த வரியில் அம்புக்குறி இல்லை. எஸ்ஜிஓடி 68, அதுவும் பார்க்கப் பெரிய எண் இல்லை. ஜிஜிடி 340. அதற்கும் கீழே ஆல்புமின் 2.9. அடுத்த பக்கத்தில் பிளேட்லெட் 92 ஆயிரம். மனசுக்குள் கணக்குப் போட்டேன்: 52 × 68, கீழே 92 × 5.57. விடை கிட்டத்தட்ட 6.9. அண்ணி காபி கொண்டுவந்து வைக்கிறார், அண்ணன் டம்ளரை ஆற்றிக்கொண்டிருக்கிறார், எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அண்ணா, இந்த வரி மட்டும் போதாது, ஸ்டான்லியில ஒருதரம் காட்டிடலாம்" என்றேன்.

சென்னையின் பழைய அரசு ஆஸ்பத்திரியான ஸ்டான்லியில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வரைக்கும் செய்கிறார்கள். அங்கே ஃபைப்ரோஸ்கேனில் 31 கிலோபாஸ்கல் வந்தது; நல்ல கல்லீரலில் அது 6, 7-ஐத் தாண்டாது. மண்ணீரல் வீங்கியிருந்தது. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் ரத்தக் குழாய்கள் புடைத்திருந்தன. வெடித்திருந்தால் ரத்த வாந்தியில் போய் நின்றிருக்கும். அங்கேயே பேண்ட் போட்டுக் கட்டினார்கள். கல்லீரல் தழும்பேறிச் சுருங்குகிற சிரோசிஸ். மூட்டையில் அரிசி தீர்ந்துபோனால் சிந்துவதற்கும் இருக்காது. எங்கள் குடும்பத்தில் வந்த மூன்று ரிப்போர்ட்டில் ஒரு அம்புக்குறியும் இல்லாத எஸ்ஜிபிடி அவருடையதுதான், ஆபத்தில் இருந்ததும் அவர்தான்.

தினமும் குடிக்கிறவர் அன்றே நிறுத்தினால் கைநடுக்கம், பிதற்றல், வலிப்பு வரை போகலாம் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டோம். நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் டாக்டர் கண்காணிப்பில். அண்ணன் இப்போது நிறுத்தியிருக்கிறார். டாஸ்மாக் இருக்கிற தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறார் என்று அண்ணி சொல்கிறார்.

அம்மாவின் கீழாநெல்லி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நம் ஊர் விஷயம். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும் உடன் பணியாற்றியவர்களும் ஹெபடைட்டிஸ் பி வைரஸை நாட்பட்டுச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து, 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு வாங்கிய பரூக் பிளம்பெர்க் கட்டுரையாளர்களில் ஒருவர். மருந்து எடுத்தவர்களில் 59 சதவீதம் பேருக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 4 சதவீதம் பேருக்கும் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வேறு இடங்களில் பின்னால் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. ஆராய்ந்ததும் ஹெபடைட்டிஸ் பி-க்காக. என் பிரச்சினை கொழுப்பு.

நம் வீடுகளில் கீழாநெல்லிக்கு இவ்வளவு பேர் கிடைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கெட்ட தண்ணீரால் வருகிற ஹெபடைட்டிஸ் ஏ, ஈ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பேர். ஆனால் கர்ப்பிணிக்கு ஹெபடைட்டிஸ் ஈ வந்தால் உயிருக்கே ஆபத்து. அங்கே காத்திருக்கக் கூடாது. மூலிகை என்றால் கெடுதல் வராது என்பதும் கிடையாது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். எடை குறைக்க விற்கிற கிரீன் டீ சாறு மாத்திரையாலும் பாதிப்பு உண்டு. என் டாக்டர் அம்மாவின் வைத்தியத்தைக் கேலி செய்யவில்லை. "குடிச்சா எனக்குச் சொல்லுங்க. ஒரே நேரத்துல எல்லாத்தையும் மாத்தினா எதனால இறங்குச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். கணக்கு டீச்சரிடம் இதைவிட நியாயமாகப் பேச முடியாது. அம்மாவிடம், "டாக்டர் கொஞ்ச நாள் வேண்டாம்னார்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாத்திரை விஷயத்தில் நான் கற்றது இரண்டு. பாராசிட்டமால் நல்ல மருந்துதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்சம், அதாவது 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு. சளிக்கென்று வாங்குகிற கூட்டு மாத்திரையிலும் அதே பாராசிட்டமால் இருக்கும், அதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். குடிக்கிறவர்களுக்கும் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் உச்சம் இன்னும் குறைவு. அடுத்தது டிபி மாத்திரை. எங்கள் தெருவில் ஒரு அக்கா, டிபி சிகிச்சை ஆரம்பித்த சில வாரத்தில் வாந்தி, சாப்பாடு பிடிக்கவில்லை, சிறுநீர் மஞ்சள். அசதி என்று நினைத்துக்கொண்டு மாத்திரையைத் தொடர்ந்தார். டிபி சென்டரில் சொன்னதும் நிறுத்தி, எண் இறங்கிய பின் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பித்தார்கள். உச்ச வரம்பைப் போல, தொந்தரவோடு 3 மடங்கு, தொந்தரவே இல்லாமல் 5 மடங்கு ஏறினால் நிறுத்துவது அவர்கள் கணக்கு. நாமாக நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்வதும் ஆபத்து, சொல்லாமல் தொடர்வதும் ஆபத்து. கொழுப்புக்குக் கொடுக்கிற ஸ்டாட்டின் வேறு மாதிரி. எஸ்ஜிபிடி கொஞ்சம் ஏறியிருக்கிறது என்பதற்காக அதை நிறுத்த வேண்டியதில்லை, ஃபேட்டி லிவர் உள்ளவர்களும் எடுக்கலாம்.

எனக்கு மருந்து எதுவும் எழுதவில்லை. உடம்பு எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறைய ஆரம்பிக்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கமும் தழும்பும்கூடச் சரியாக வாய்ப்புண்டு என்றார். 71 கிலோவில் 7 சதவீதம் என்றால் 5 கிலோ. பத்து கிலோ, இருபது கிலோ என்று பயமுறுத்தியிருந்தால் நான் ஆரம்பித்தே இருக்க மாட்டேன்.

எண்ணெய்ப் பலகாரம்தான் வில்லன் என்று நினைத்திருந்தேன். ஒரு வாரம் எழுதிப் பார்த்ததில் சர்க்கரைதான் முன்னால் நின்றது. காலை காபி, பள்ளியில் பதினொரு மணி டீ, மதியம் கழித்து ஒரு டீ, சாயங்காலம் காபி. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். அதோடு கோடை முழுக்க ரோஸ் மில்க். இதையெல்லாம் கழித்தால் பட்டினி கிடக்காமலே நிறைய குறைகிறது. ஃபில்டர் காபியை விடச் சொல்வாரோ என்று பயந்தேன். விட வேண்டாம் என்றார். காபி குடிக்கிறவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சர்க்கரை மட்டும் வேண்டாம். முதல் பத்து நாள் அந்தக் காபி கசாயம் மாதிரி இருந்தது. மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, பொரியலையும் சுண்டலையும் கூட்டினேன். சாயங்காலம் பெரம்பூர் மேம்பாலப் பூங்காவில் நடை. அங்கே பாதிக் கூட்டம் சர்க்கரைக்காக நடக்கிறவர்கள், மீதிப் பேர் அவர்களைக் கூட்டிவந்தவர்கள்.

எண் ஒரே சீராக இறங்கவில்லை. 58-க்கு வந்திருந்தது, ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது, அப்போது எடுத்ததில் எஸ்ஜிஓடி 96, எஸ்ஜிபிடி 81. எல்லாம் வீண் என்று தோன்றிவிட்டது. "காய்ச்சல்ல எடுத்த லிவர் டெஸ்ட்டை இந்தக் கணக்குல சேர்க்காதீங்கம்மா" என்றார் டாக்டர். டெங்கு மாதிரி வைரஸ் காய்ச்சலில் இரண்டும் ஏறும், எஸ்ஜிஓடி அதிகமாக ஏறும். மார்கழியில் எடுத்தபோது எஸ்ஜிபிடி 34. எடை 66, இடுப்பு 89. 80-க்கு இன்னும் தூரம் இருக்கிறது. பொங்கல் வேறு வந்து போனது.

ஹெபடைட்டிஸ் பி இல்லை என்று தெரிந்ததும் எனக்கும் கணவருக்கும் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. இருக்கிறது என்று வந்திருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. மத்திய அரசு 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி-க்கும் சி-க்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சி-யை இப்போது சில மாத மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாக்கிவிடுகிறார்கள். வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த இரண்டையும் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

ரிப்போர்ட் அனுப்புகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதைவிடக் கேள்வி கேட்பதுதான் அதிகம். எல்லாப் பக்கத்தையும் அனுப்பு, சிவப்புக் கோடு போட்டதை மட்டும் அனுப்பாதே. பிளேட்லெட் எவ்வளவு? போன வருஷத் தாள் எங்கே? ரத்தம் எடுப்பதற்கு முந்தைய வாரம் என்ன செய்தாய், எதை விழுங்கினாய்? கண் மஞ்சள், கறுத்த மலம், ரத்த வாந்தி, வயிறு வீக்கம், நினைவுத் தடுமாற்றம் என்று எவராவது சொன்னால் கேள்வியே கிடையாது, ஆஸ்பத்திரிக்குப் போ என்பதோடு சரி.

அக்கா பையன் மறுபடி ஜிம்முக்குப் போகிறான், நிதானமாக. இப்போது ஏதோ ஒரு பவுடர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறான். டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முன்பக்கத்தைத்தான் இதுவரை மூன்று தடவை அனுப்பியிருக்கிறான்.